கடைமடைக் கட்டில்

ஜன்னல் ஓரத்தை விட்டுக் கொடுத்தீர்கள், சரி. அதற்காக உங்களை உடனே நல்லவர் என்று சொல்லிவிட மாட்டேன் தம்பி. இந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது, அதனால்கூடக் கொடுத்திருப்பீர்கள். எனக்கு மனிதர்கள் மேல் அவ்வளவு சீக்கிரம் நல்ல எண்ணம் வராது. என் பெண்டாட்டி முத்திருளாயியைக் கேட்டால் சொல்வாள். எங்கள் கல்யாணத்தில் அவள் அண்ணன் என் அப்பாவுக்கு இரண்டாம் பந்தியில் இலை போட்டதை நான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பாள். பேசத்தான் செய்வேன். சம்பந்திக்கு இரண்டாம் பந்தியா?

நெஞ்சைப் பார்க்கிறீர்கள். நன்றாகப் பாருங்கள், மறைக்க ஒன்றும் இல்லை. தொண்டைக்குழியில் ஆரம்பித்துக் கீழே வரைக்கும் பிளந்து தைத்தது. பைபாஸ். இரண்டு வருஷம் ஆகிறது. எல்லோரும் கேட்கிறார்கள், ஆபரேஷன் வலித்ததா என்று. ஆபரேஷன் எங்கே வலித்தது? மயக்க மருந்தில் கிடந்தேன். எனக்கு வலித்தது ஆக்சிஜனில். அதைச் சொல்கிறேன், கேளுங்கள். யார் மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் வாய்க்கால் தெரிய வேண்டும் உங்களுக்கு. டவுன்காரர்கள், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று நினைக்கிறவர்கள். எங்களுக்கு அப்படி இல்லை. அணையில் திறக்கிற தண்ணீர் ஒரே வாய்க்காலில் வந்து ஒன்பது ஊருக்குப் பாய வேண்டும். முதல் ஊர் கொன்னைவயல், அது தலைமடை. கடைசி ஊர் எங்கள் செம்பொட்டல், அது கடைமடை. நடுவில் ஏழு ஊர். அணையில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள், ஊருக்கு நாலு நாள். முதல் முறை கொன்னைவயலுக்கு, கடைசி முறை எங்களுக்கு. எங்கள் முறை வருவதற்குள் அணையில் சேறுதான் இருக்கும். அதையும் மீறி வருகிற தண்ணீரைத் தவளைகள் குடித்துவிட்டு மிச்சத்தை எங்களுக்கு விடும்.

இந்த ஒன்பது ஊருக்கும் பாசனச் சங்கம் ஒன்று உண்டு. அதன் தலைவர் கொன்னைவயல் பூமிநாதன். என் வயசுக்காரன்தான், ஒரே பள்ளிக்கூடம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றேன், அவன் எட்டு வரைக்கும் போனான். அந்த ஐந்து வகுப்பை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருஷம் தலைவராக இருக்கிறான். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் முறை நடந்துகொண்டிருக்கும்போது ஆறு மணி நேரம் முன்னதாக ஷட்டரை இறக்கினான். ஆறு மணி நேரம்! கேட்டதற்கு, கடிகாரம் ஓடவில்லை என்றான். அன்றையிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சு இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், யூனியன் ஆபீசில் இருதய முகாம் போட்டார்கள். போனேன். எனக்கு முன்னால் வரிசையில் யார்? அவன்தான். அங்கேயும் தலைமடை. இரண்டு பேருக்கும் நெஞ்சில் கம்பி ஒட்டிப் படம் எடுத்தார்கள். இரண்டு பேரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினார்கள். அவனுக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன், எனக்குச் செவ்வாய்க்கிழமை. அதையும் கவனியுங்கள்.

இதில் எனக்கு ஒரே ஒரு கவலை. அடுத்த வாரம் வியாழக்கிழமை சங்கக் கூட்டம். பி.டபிள்யூ.டி. இன்ஜினீயர் வருகிறார். இந்தத் தடவை முதல் முறையைக் கடைமடைக்குக் கொடுங்கள், தண்ணீர் கீழேயிருந்து மேலே போகட்டும் என்று நான் எழுந்து பேசப்போகிறேன். மூன்று வருஷமாக எங்கள் ஊரில் நெல் பால் பிடிக்கிற நேரத்தில் காய்ந்து போகிறது. நாலாவது வருஷமும் போனால் பாதி ஊர் திருப்பூருக்கு பஸ் ஏறிவிடும். எங்கள் ஊரில் கூட்டத்தில் எழுந்து நின்று வாய் திறக்கிற ஆள் நான் ஒருத்தன்தான். மற்றவர்கள் தலைவரைப் பார்த்தால் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். ஆகவே நான் புதன்கிழமை வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, கண்ணாடி அறையில் இருந்து வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சுவரோரமாக வரிசையாக ஒன்பது கட்டில். எனக்கு ஒன்பதாவது. மூக்கில் இரண்டு ஓட்டை உள்ள குழாய். அந்தக் குழாய் தலைமாட்டில் ஒரு பாட்டிலுக்குப் போகிறது. பாட்டிலில் தண்ணீர், அதில் குமிழி வந்துகொண்டிருக்கிறது. பாட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு சின்னக் குண்டு மிதக்கிறது. பக்கத்தில் லிட்டர் எண் போட்டிருக்கிறது. என் குண்டு இரண்டில் நிற்கிறது. சரி, இது எங்கேயிருந்து வருகிறது என்று சுவரைப் பார்த்தேன். நான் எங்கே போனாலும் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். ஒரு செம்புக் குழாய் வாசல் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து, முதல் கட்டில், இரண்டாவது கட்டில் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே வந்து என் தலைமாட்டில் முடிகிறது.

முதல் கட்டிலில் யார்? பூமிநாதன்.

நடுவில் ஏழு கட்டில் தம்பி. எண்ணிப் பார்த்தேன்.

முத்திருளாயியை அனுப்பினேன். "போய் அவன் குண்டு எதுல நிக்குதுன்னு பாத்துட்டு வா."

"இந்த நெலமையிலயுமா?" என்றாள்.

"போடி."

போய்விட்டு வந்தாள். "அஞ்சு."

எனக்கு நெஞ்சுத் தையல் பிரிந்துவிடும் போல இருந்தது. அவனுக்கு மூக்குக் குழாய்கூட இல்லை, முகத்தையே மூடுகிற மாஸ்க். அவனுக்கு ஐந்து, எனக்கு இரண்டு.

ஜெசிந்தா என்று ஒரு சிஸ்டர். நல்ல பெண்தான், ஆனால் என்னைத் தாத்தா என்று கூப்பிடும். அறுபத்துமூன்று வயசு ஒரு தாத்தா வயசா? அதைப் பிறகு பேசுகிறேன். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவருக்கு மட்டும் எதுக்கும்மா அஞ்சு?"

"அவரு நாப்பது வருசம் பீடி குடிச்ச நெஞ்சு தாத்தா. அது அவ்வளவு கேக்குது."

"நானும்தான் குடிச்சேன்."

"நீங்க விட்டுப் பத்து வருசம் ஆச்சுன்னு சீட்டுல இருக்கு."

"அப்ப பீடியை விட்டவனுக்குக் கம்மி, விடாதவனுக்குக் கூடுதலா? இது எந்த ஊரு நியாயம்?"

"தாத்தா, உங்களுக்கு ரெண்டு போதும். வயல்ல தண்ணியை அதிகமா நிறுத்துனா நாத்து அழுகாதா?"

"அதை முதல் கட்டில்ல போய்ச் சொல்லு தாயி," என்றேன்.

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அதிகாரத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் இப்படித்தான், கேள்வி கேட்டால் சிரிப்பார்கள்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு, ஆனால் பேச்சு தெளிவு. விரலில் ஒரு கிளிப்பை மாட்டி எண்ணைப் பார்த்தார். நான் நேராகவே கேட்டேன்.

"புதன்கிழமை நான் வீட்டுக்குப் போயாகணும் டாக்டரம்மா. என்ன செய்யணும்?"

"இந்த கிளிப்புல ஆக்சிஜன் தொண்ணூத்தஞ்சுக்கு மேல நிக்கணும் ஐயா. நின்னா புதன்கிழமையே அனுப்பிடுவேன்."

அதற்குப் பிறகும் குழாய், கிழாய் என்று ஏதோ சொன்னார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. இது ஒன்றும் புரியாத கணக்கு இல்லை. கண்மாய் நிறைந்தால்தான் மடையை அடைப்பார்கள். உடம்பு ஆக்சிஜனால் நிறைய வேண்டும், நிறைந்தால் வீட்டுக்குப் போகலாம். இரண்டு லிட்டரில் அது எந்தக் காலத்தில் நிறையும்? நாலு லிட்டராவது விட வேண்டாமா?

கண்ணாடிக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது. சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் கையைப் பின்னால் விட்டு ஒரு திருகு திருகினேன். பாருங்கள், ஐம்பது வருஷம் மடை திறந்த கை. குண்டு எழுந்து சரியாக நாலில் போய் நின்றது. பாட்டிலில் குமிழி குபுகுபு என்று வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தேன். எங்கள் மடையில் அந்தச் சத்தம் கேட்டு மூன்று வருஷம்.

காலையில் சிஸ்டர் வந்து பார்த்தாள். "யாரு தாத்தா கூட்டுனது?" நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அவள் இரண்டுக்குக் குறைத்துவிட்டுப் போனாள். நான் நாலாக்கினேன். சாயங்காலம் வேறு சிஸ்டர் வந்தாள். நாலு என்று இருந்ததைப் பார்த்து நாலு என்று சீட்டில் எழுதிக்கொண்டாள். எழுத்தில் ஏறிவிட்டால் அப்புறம் அது உரிமை. அதைத்தான் நாங்கள் சங்கத்தில் பத்தொன்பது வருஷமாகக் கேட்கிறோம்.

ஆனாலும் எனக்குத் திருப்தி இல்லை. ஒரே குழாய். மேலே ஒருத்தன் ஐந்து எடுத்தால் கீழே வருகிற நாலு, நிஜமான நாலாக இருக்குமா? காட்டுகிற எண் வேறு, வருகிற தண்ணீர் வேறு. எனக்கா தெரியாது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். சாப்பாடு முடிந்து வார்டே தூங்குகிறது. முத்திருளாயி துணி அலசப் போயிருந்தாள். நான் மூக்குக் குழாயைக் கழற்றிக் கட்டிலில் போட்டேன். இருமும்போது நெஞ்சில் கட்டிப்பிடிக்க ஒரு தலையணை கொடுத்திருந்தார்கள், அதை அணைத்துக்கொண்டு இறங்கினேன். ஒன்பதாவது கட்டிலில் இருந்து முதல் கட்டில் வரைக்கும் நடந்தேன். யாருடைய கையையும் பிடிக்கவில்லை. மூச்சு ஒரு இம்மி வாங்கவில்லை தம்பி. இரண்டு நாளாக நாலு லிட்டர் உள்ளே சேர்த்து வைத்த பலம் அது.

பூமிநாதன் தூங்கிக்கொண்டிருந்தான். மாஸ்க் உள்ளே பனி பிடிக்கிறதும் விலகுகிறதுமாக இருந்தது. அவன் நெஞ்சிலும் என்னுடையதைப் போலவே தையல். ஒரே அளவுதான், அதையும் பார்த்துக்கொண்டேன். திருகைத் தொட்டேன். ஐந்தில் இருந்து மூன்று. இரண்டு லிட்டர் கீழே வரட்டும். எனக்கு மட்டும் இல்லை, நடுவில் ஏழு பேர் இருக்கிறார்கள்.

உடனே வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நான் கொலைகாரன் இல்லை. அங்கேயே நின்று அவன் மூச்சை எண்ணினேன். நூறு வரைக்கும். நூற்றுக்கு மேலே எனக்குக் கொஞ்சம் தடுமாறும், அதனால் மறுபடி ஒன்றிலிருந்து இன்னொரு நூறு. மாஸ்க்கில் பனி பிடித்தது, விலகியது, பிடித்தது, விலகியது. முகம் கறுக்கவில்லை. குறட்டைகூட விட்டான். அப்புறம்தான் திரும்பினேன்.

திரும்பி வந்து பார்த்தால் என் பாட்டிலில் குமிழி கூடியிருந்தது. சத்தியமாகக் கூடியிருந்தது. முத்திருளாயி இல்லை என்பாள். அவளுக்குத் தண்ணீரைப் பார்க்கத் தெரியாது.

கட்டிலில் ஏறும்போது ஜெசிந்தா சிஸ்டர் பார்த்துவிட்டாள். நான் நடந்த நடையை அல்ல, குழாய் இல்லாமல் நிற்கிறதை. ஓடி வந்து விரலில் கிளிப்பை மாட்டினாள். மாட்டிவிட்டு வாயைப் பிளந்தாள்.

"தாத்தா! குழாய் இல்லாமயே தொண்ணூத்தாறு! அப்ப உங்களுக்கு இது எதுக்கு? எடுத்துடலாமே!"

சொல்லிக்கொண்டே அவள் கை திருகுக்குப் போகிறது. தொண்ணூற்றாறு என்று அவள் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. எடுத்துடலாமே என்றதுதான் ஏறியது. மடையை அடைக்கப் போகிறாள்! கண்மாய் இன்னும் நிறையவில்லை! நான் என்ன செய்ய? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். ஹா... ஹா... என்று. கண்ணைச் செருகினேன். தலையை ஒரு பக்கம் தொங்கப்போட்டேன். அன்றைக்கு நான் மூச்சு வாங்கிய மாதிரி இந்த ஜில்லாவில் எவனும் வாங்கியிருக்க மாட்டான். கூத்துக்குப் போயிருந்தால் நான் முன்னுக்கு வந்திருப்பேன்.

சிஸ்டர் பயந்துவிட்டாள். குழாயை மாட்டினாள், டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டரம்மா வந்து நாடியைப் பார்த்தார், அது பயத்தில் தடதடவென்று ஓடியது. எக்ஸ்ரே, கம்பிப் படம், ரத்தம் எல்லாம் எடுத்தார்கள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனாலும் ரிஸ்க் எடுக்க வேண்டாம். நாலு லிட்டரே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம்" என்று எழுதிவிட்டார்.

நாலு லிட்டர், டாக்டர் கையெழுத்தோடு! எனக்குச் சந்தோஷம். வெள்ளிக்கிழமை என்றதுதான் கொஞ்சம் இடித்தது. அதற்குள் நிறைந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அதே டாக்டரம்மா முதல் கட்டிலுக்கும் போனார். அவன் குண்டு மூன்றில் நிற்கிறதைப் பார்த்தார். கிளிப்பைப் பார்த்தார். "மூணுலயே நல்லா இருக்காரே! இந்த மாதிரி பீடி நெஞ்சுக்கு அதிகமாக் கொடுத்தாலும் கெடுதல்தான். யாரு குறைச்சது? நல்ல வேலை செஞ்சிருக்கீங்க" என்று சிஸ்டரைப் பாராட்டினார். சிஸ்டர் திருதிருவென்று விழித்தாள். மறுநாள் அவனுக்கு மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்குக் குழாய் போட்டு இரண்டாக்கினார்கள். செவ்வாய்க்கிழமை ஒன்று. அன்று சாயங்காலம் ஒன்றும் இல்லை, வெறும் மூக்கு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள். பிறந்ததில் இருந்து முதல் தடவையாக எனக்கு நாலு, பூமிநாதனுக்கு ஒன்றும் இல்லை.

புதன்கிழமை காலையில் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். இடம் தேவைப்பட்டிருக்கும், ஆக்சிஜன் நிறுத்தப்பட்டவனை எதற்கு வைத்திருக்க என்று அனுப்புகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வாசல் அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வழியாகப் போயிருக்கலாம். போகவில்லை. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டு முழுக்க நடந்து என் கட்டிலுக்கு வந்தான். பதினோரு வருஷம் கழித்து வாயைத் திறந்தான்.

"சேவுகா."

நான் கூரையைப் பார்த்தேன்.

"உனக்கு எத்தனையில வச்சிருக்காங்க?"

"நாலு," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்னுட்டாங்கடா."

"தெரியும். கேள்விப்பட்டேன்."

அவன் என் குண்டைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு குளிர்ச்சி. பொறாமையில் ஒரு மனுஷன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமை கூட்டம். நான் கட்டிலில் கிடக்கிறேன். என் தங்கை மகன் வீரணனை அனுப்பி, இன்ன மாதிரி பேசு என்று ஒப்பிக்கச் சொல்லி வைத்திருந்தேன். அவன் தலைவரைப் பார்த்தால் கக்கத்தில் துண்டு வைக்கிறவன்தான், வேறு வழியில்லை. மத்தியானம் போன் வந்தது.

"மாமா! மொத முறை நமக்குத்தான் மாமா!"

"பேசிட்டியாடா?"

"நான் எங்க பேசுனேன்? எந்திரிக்கவே இல்ல. தலைவரே எந்திரிச்சுச் சொல்லிட்டாரு."

"என்ன சொன்னான்?"

வீரணன் கொஞ்சம் இழுத்தான். அப்புறம் சொன்னான். பூமிநாதன் எழுந்து இப்படிச் சொல்லியிருக்கிறான்: "செம்பொட்டல் சேவுகப்பெருமாளை நேத்துப் பாத்துட்டு வந்தேன். நாலு லிட்டர்ல கெடக்கான். எனக்குப் பின்னாடி ஆபரேஷன் பண்ணவன், எனக்குக் குழாயையே எடுத்துட்டாங்க, அவனுக்கு ஏத்திட்டே போறாங்க. பொழைக்கிற மாதிரி தெரியல. என்னோட சண்டை போட்டே ஆயுசைக் கழிச்சுட்டான். அவன் உசுரோட இருக்குற வரைக்கும் மொத முறை செம்பொட்டலுக்கு. பச்சையைப் பாத்துட்டுப் போகட்டும்."

இன்ஜினீயர் உட்பட எல்லோரும் கண்ணைத் துடைத்தார்களாம். ஒன்பது ஊரும் கை தூக்கியதாம்.

சாகப்போகிறவனுக்குப் போடுகிற பிச்சை! என் ஊர்த் தண்ணீரை, நான் எழுந்து நின்று வாங்க வேண்டிய தண்ணீரை, எனக்கு வாய்க்கரிசியாகப் போட்டுவிட்டான். சாயங்காலம் எங்கள் ஊரில் இருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து என் கட்டிலைச் சுற்றி நின்று தலைவரைப் புகழ்ந்துகொண்டே அழுதார்கள். ஒருத்தி ஒப்பாரிக்கு ராகம் எடுத்துவிட்டாள். நான் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "எவன்டா சாகப்போறான்?" என்று வார்டை இரண்டு சுற்று நடந்தேன். சிஸ்டர் பின்னாலேயே ஓடி வந்து கிளிப்பை மாட்டினாள். தொண்ணூற்றேழு. சனிக்கிழமை அனுப்பிவிட்டார்கள்.

கிளம்பும்போது ஜெசிந்தா சிஸ்டர் உட்கார்ந்து எனக்கு விளக்கம் சொன்னாள். லிட்டர் குறையக் குறையத்தான் ஆள் தேறுகிறான் என்று அர்த்தமாம், ஒன்றும் இல்லாதவன்தான் முழுசாகத் தேறியவனாம். கேட்டுக்கொண்டேன். ஒப்புக்கொள்ளவில்லை. உலகத்தில் எந்தச் சாமான் தம்பி குறையக் குறைய நல்லது?

ஆனால் தண்ணீர் வந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் முறை, நாலு நாள், முழுசாக. இந்த இரண்டு வருஷமும் எங்கள் ஊரில் கதிர் தலை சாய்ந்தது. திருப்பூருக்குப் போன இரண்டு குடும்பம் திரும்பி வந்துவிட்டது.

ஊர்க்காரர்கள் என்னைக் கூப்பிட்டு வைத்துப் பேசினார்கள். "நீ சாகவே கூடாது மாமா" என்றார்கள். ஒருத்தன் முட்டை கொண்டுவந்து தருகிறான், ஒருத்தன் மாத்திரை நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கிறான். மூன்று பந்து உள்ள டப்பாவை வாயில் வைத்து இழுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களே, அதை நான் இழுக்கிறேனா என்று பார்க்க முறை போட்டு ஆள் வருகிறது. என் தென்னை மரத்தில் நான் ஏற முடியவில்லை, பிடித்துக் கீழே இறக்கிவிடுகிறார்கள். இதுவரைக்கும் சரி. அடுத்தது கேளுங்கள். "சாகக் கூடாது, ஆனா நல்லா இருக்குற மாதிரியும் தெரியக் கூடாது" என்றார்கள். குண்டுக்கல் மாதிரி திரிகிறதைப் பூமிநாதன் பார்த்தால் மனசு மாறிவிடுவானாம்.

அதனால் இந்த பஸ் கொன்னைவயலில் நிற்கும்போது நான் மூச்சு வாங்க வேண்டும். இரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். வாய்க்கால் பாலத்தை ஒட்டி, ஷட்டருக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. சாயங்காலம் அவன் அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். பஸ் நின்றதும் ஜன்னலுக்கு வந்து, "எத்தனையில இருக்க சேவுகா?" என்பான். நான் இரைத்துக்கொண்டே, "வீட்ல மிசின் வச்சிருக்கு... மூணு..." என்பேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, "ஒடம்பப் பாத்துக்க" என்பான். போன மாசம் ஒரு பப்பாளிப் பழம் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன், என்ன செய்ய? நோயாளி வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் காய்வெட்டு, சரியாகப் பழுக்கவில்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்த வருஷத்து முறை மட்டும்தான் சங்கத்து நோட்டில் ஏறியது. அதற்கு மேலே எல்லாம் அவன் வாய்ச்சொல். அவன் மகன் கதிரேசனுக்கு இது பிடிக்கவில்லை. "அப்பா சொன்னது அப்பா இருக்குற வரைக்கும்தான்" என்று டீக்கடையில் வைத்தே பேசுகிறானாம்.

பாலம் தெரிகிறது பாருங்கள். கொஞ்சம் என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், துணைக்கு வந்தவர் மாதிரி. முகத்தைக் கவலையாக வையுங்கள். அவ்வளவு கவலை வேண்டாம். போதும். ஹா... ஹா... இப்படித்தான். ஹா...

நாற்காலி காலியாக இருக்கிறதே.

கொஞ்சம் பொறுங்கள், டீக்கடையில் கேட்கிறேன். "ஏய் சுப்பு! தலைவர் எங்கப்பா? ...என்னது? ...எத்தனை நாளா?"

மூன்று நாளாக மூச்சு முட்டிக்கொண்டு வீட்டில் கிடக்கிறானாம். மறுபடி பீடியாம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறானாம். மகன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டானாம். விடுவான், ஏன் விடமாட்டான்? போதும், இந்த ஆயுசு எனக்குப் போதும் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறானாம்.

அது எப்படிப் போதும்? யாரைக் கேட்டுப் போதும்? அடுத்த மாசம் தண்ணீர் திறக்கிறார்கள்!

"கண்டக்டர், நிறுத்துப்பா, நான் எறங்குறேன்! ...தெரியும்யா, செம்பொட்டலுக்குத்தான் டிக்கெட். நான் இங்கதான் எறங்குறேன். நிறுத்து!"

தம்பி, மேலே அந்தப் பையை எடுத்துக் கொடுங்கள். வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன். பூமிநாதனை எனக்குத் தெரியும். மகன் கெஞ்சினால் வர மாட்டான், பெண்டாட்டி அழுதால் வர மாட்டான். நான் போய் ஒரு வார்த்தை திட்டினால் எழுந்து உட்காருவான், இரண்டாவது வார்த்தைக்குச் செருப்பை மாட்டுவான். இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். ஜெசிந்தா சிஸ்டர் இப்போது எந்த வார்டில் இருக்கிறாள் என்று எனக்குத்தான் தெரியும். எத்தனை லிட்டர் வேண்டுமானாலும் வைக்கட்டும். பத்து வைக்கட்டும். நான் திருகைத் தொடவே மாட்டேன்.

என்ன தம்பி சிரிக்கிறீர்கள்? மூச்சு வாங்கவா? ஆமாம், டீக்கடையில் எல்லோரும் பார்க்கிறார்கள்தான். பார்க்கட்டும். மூச்சு வாங்க இப்போது யாருக்கு நேரம் இருக்கிறது? காலை மடக்குங்கள், நான் குதித்துக்கொள்கிறேன்.